அனாக் சூசு

சிங்கப்பூர்
3 ஏப்ரல் 1957

அன்புள்ள பூங்காவனம் அக்காவுக்கு,

தம்பி கருணாகரன் எழுதுவது. மெஸ் சாப்பாட்டைத் தவிர எனக்கு இங்கே ஒரு நோயும் இல்லை. நீ, அத்தான், குழந்தை மூவரும் சுகம்தானே?

பெண் பிறந்திருக்கிறாள், மல்லிகா என்று பெயர் என்று பிப்ரவரியில் அத்தான் நாலு வரி எழுதியதோடு சரி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. நீ பத்துப் பக்கம் எழுதுவாய் என்று நினைத்தேன். ஒரு கார்டுகூடக் காணோம். அப்பாதான் செகாமட் எஸ்டேட்டிலிருந்து வாராவாரம் எழுதுகிறார். பேத்தியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் மூக்கு அவருடைய அம்மா மூக்காம். கால் வீக்கம் வடிந்ததும் மலாக்காவுக்கு வருவாராம்.

எனக்கு லேபில் புது வேலை. பாலில் இருக்கும் சர்க்கரைகளை எங்கள் புரொபசர் ஆராய்கிறார். பாலில் ஒரு சர்க்கரைதான் என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. ஒன்றோடொன்று கோத்த நீளமான சர்க்கரைகளும் உண்டு. எந்த மிருகத்தின் பாலில் எத்தனை என்று பார்ப்பதுதான் என் வேலை. மாடு, எருமை, ஆடு ஆயிற்று. பந்தயக் குதிரை ஒன்று குட்டி போட்டிருந்தது, அதுவும் ஆயிற்று. சர்க்கஸ் யானை ஒன்று கன்று போட்டிருக்கிறது. பாகனிடம் கேட்டேன். "சார் முதலில் அதுகிட்டப் பேசி சம்மதம் வாங்குங்க" என்கிறான்.

மனுஷிப் பால் போதவில்லை. உன்னுடையது கொஞ்சம் வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இது விஞ்ஞானம். உடனே பதில் போடு.

உன் தம்பி,
கருணாகரன்


காஜா பெராங், மலாக்கா
20 ஏப்ரல் 1957

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நீ சுகமாய் இருப்பது கேட்டு மனசு குளிர்ந்தது. நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அவருக்குப் பஸ் கம்பெனியில் வேலை அதிகம். ஆகஸ்டில் மெர்டேக்கா, சுதந்திரம் வருகிறதே, இப்போதே கொடி, தோரணம் என்று கூட்டம் போடுகிறார்களாம்.

குழந்தைதான் சரியில்லை. குடித்தது வயிற்றில் தங்குவதில்லை. தண்ணீராய்ப் போகிறது. வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸி, வந்து தராசில் வைக்கிறாள். போன வாரத்துக்கு இந்த வாரம் குறைந்திருக்கிறது. நீதான் பாலைப் பற்றிப் படிக்கிறாயே. மேல்பால் கொடுப்பதென்றால் டின்பால் நல்லதா, மாட்டுப்பாலா, ஆட்டுப்பாலா? பக்கத்தில் அஞ்சலை ஆடு வளர்க்கிறாள், காலையில் கறந்து தருவாள். கோபப்படாமல் எழுது. காஜா பெராங், அதாவது யானைக் கோபம் என்று பெயர் நான் குடியிருக்கும் இடத்துக்குத்தான் வைத்தார்கள், உனக்கு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பூங்காவனம்


சிங்கப்பூர்
25 ஏப்ரல் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் கேட்க நேரமில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றும் வேண்டாம். உன் பாலைக் கொடு. ஏன் என்று சொல்கிறேன், அத்தானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

ஒரு நீளமான காகிதத்தின் அடியில் ஒரு சொட்டுப் பால் வைத்து, கண்ணாடித் தொட்டியில் ஒரு திராவகத்தில் நுனியை நனைத்துத் தொங்கவிடுகிறோம். திராவகம் மேலே ஏறும்போது சர்க்கரைகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. சின்னது வேகமாக ஏறும், நீளமானது மெதுவாக ஏறும். பிறகு காயவைத்து, மருந்து தெளித்துச் சூடு காட்டினால் ஒவ்வொன்றும் ஒரு பழுப்புப் புள்ளியாகத் தெரியும். மாட்டுப்பாலுக்கு ஒரே பெரிய புள்ளி. எருமைக்கும் அதுவே. ஆட்டுக்கும் அதேதான், கூட இருப்பது கண்ணை இடுக்கிப் பார்த்தாலொழியத் தெரியாது. மனுஷிப் பாலை வைத்தால் அந்தப் பெரிய புள்ளிக்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. எண்ணி மாளவில்லை. அந்தப் படிக்கட்டு எந்த டின்னிலும் இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அதைத்தான் கொடுக்க வேண்டும். டின்பால் கொடுப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. நீயும் அதில் சேராதே.

லாரி ஓட்டும் தேவதாஸிடம் இரண்டு குப்பி கொடுத்து அனுப்புகிறேன். கெடாமலிருக்க மருந்து போட்டிருக்கிறது. நிரப்பி, இறுக மூடி, அவனிடமே கொடு. காய்ச்சாதே. குழந்தையின் போட்டோவும் வேண்டும், அப்பா கேட்கிறார்.

தம்பி


காஜா பெராங்
19 மே 1957

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

குப்பிகளைத் தேவதாஸிடம் கொடுத்திருக்கிறேன். தாமதத்துக்குக் குறை நினைக்காதே. போட்டோவும் வைத்திருக்கிறேன். முகம் விழவில்லை. படம் பிடிக்கிற நேரம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு தெரிகிறதே, அதைப் பார்த்துக்கொள். அப்பாவுக்கும் அதையே அனுப்பிவிடு.

நீ சொன்னபடிதான் கொடுத்துவருகிறேன். சில நாள் பரவாயில்லை, சில நாள் மோசம். இப்போதைக்கு நீ வர வேண்டாம். அப்பாவையும் வரச் சொல்லாதே. காலோடு அவ்வளவு தூரம் எதற்கு? குழந்தை தேறட்டும், நானே சொல்லி அனுப்புகிறேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


சிங்கப்பூர்
2 ஜூன் 1957

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. உனக்கு என்ன ஆயிற்று?

குப்பியைத் திறந்ததுமே வாடை அடித்தது. இருந்தாலும் காகிதத்தில் ஏற்றினேன். ஒரே புள்ளி. படிக்கட்டு இல்லை. சந்தேகத்துக்கு இரண்டாவது குப்பியையும் ஏற்றினேன். அதுவும் ஒரே புள்ளி. இது அஞ்சலையின் ஆடு. மனுஷிப் பால் என்று நான் புரொபசரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் அக்காவுக்குக் கொம்பு உண்டா?" என்றார்.

அது போகட்டும். "நீ சொன்னபடிதான் கொடுத்துவருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எதைக் கொடுக்கிறாய்? ஆட்டுக்குப் பிறந்த பிள்ளையா அவள்? பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்க மனசில்லாதவள் பெற்றிருக்கவே வேண்டாம். ஏழு வருஷம் கோயில் கோயிலாக நடந்தது இதற்குத்தானா?

ஒழுங்காகப் பதில் எழுது. இல்லாவிட்டால் அப்பாவுக்கு எழுதிவிடுவேன். அவர் கால் வீக்கத்தோடு அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவார்.

கருணாகரன்


சிங்கப்பூர்
21 ஜூன் 1957

அக்காவுக்கு,

நலமா?

பதில் வரவில்லை. அப்பாவுக்கு நான் எழுதவில்லை. குழந்தையின் எடை என்ன என்று மட்டும் எழுது.

தம்பி


மலாக்கா
29 ஜூன் 1957

அன்புள்ள மைத்துனர் கருணாகரனுக்கு,

நடராஜன் எழுதுவது. இவ்விடம் நலம் என்று எழுதத்தான் ஆசை.

குழந்தை நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதத்தை உங்கள் அக்கா இன்னும் இடுப்பில் செருகிக்கொண்டே திரிகிறாள். குளிக்கப் போகும்போதுதான் எடுத்து வைக்கிறாள். அவளே பதில் எழுதுவாள். அதுவரைக்கும் நீங்கள் எழுதாமல் இருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நடராஜன்


காஜா பெராங்
6 ஜூலை 1957

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

ஆட்டுக்குப் பிறந்த பிள்ளையா என்று கேட்டாய். இல்லை. சீனச்சிக்குப் பிறந்த பிள்ளை.

என் பிள்ளை ஜனவரியில் எட்டாம் மாதமே வந்தது. ஆண். மூச்சில்லாமல் வந்தது. உனக்கும் அப்பாவுக்கும் எப்படி எழுதுவது என்று உன் அத்தான் தினமும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. யாருக்கு என்று தெரியாமல் சுரந்துகொண்டே இருந்தது. மிஸி துணியால் மார்பை இறுகக் கட்டிவிட்டாள். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நின்றுபோயிற்று. எல்லாம் நின்ற பிறகுதான் அதே மிஸி வீட்டுக்கு வந்து, வார்டில் ஒரு சீனப் பொம்பளைக்கு ஐந்தாவதும் பெண்ணாய்ப் பிறந்திருக்கிறது, கொடுத்துவிடப் பார்க்கிறாள், பார்க்கிறாயா என்று கேட்டாள். போனேன். அந்தப் பொம்பளை பிள்ளையைக் கையில் கொடுத்து, "ஜாகா பாய்க்-பாய்க்" என்றாள். நல்லா பார்த்துக்கோ என்று. அவ்வளவுதான் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன் பாலைக் கொடு, உன் பாலைக் கொடு என்று எழுதினாயே. அது இருந்திருந்தால் உனக்குக் குப்பி குப்பியாக அனுப்பியிருப்பேனடா.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கம்போங் செட்டியில், மலாக்காச் செட்டிகள் குடியிருப்பில், பாக்கியம் இருக்கிறாள். நெற்றியில் திருநீறு, வீட்டில் சாமி, பேர்கூட நம்ம பேர், ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். அவளுக்கும் கைப்பிள்ளை, சங்கரன் என்று. முதல் வாரமே வந்தாள். "சூசு அடா, பாஞாக்" என்றாள். பால் இருக்கு, நிறைய இருக்கு என்று. கையை நீட்டினாள். நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

ஏன் தெரியுமா? பால் கொடுத்தால் பிள்ளை அவளுக்கு அனாக் சூசு ஆகிவிடும். பால் பிள்ளை. அது சும்மா பேச்சுக்குச் சொல்கிற முறையில்லை இங்கே. பெற்றவள் ஒருத்தி. பால் கொடுத்தவள் ஒருத்தி. அப்புறம் நான் யார்? துணி துவைக்கிறவளா?

ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை கண் குழிந்து கிடக்கிறது, நான் யார் அம்மா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ படித்தவன். உன் காகிதத்தைப் பார்த்துச் சொல். பாக்கியத்தின் பாலிலும் அந்தப் படிக்கட்டு இருக்குமா? வேறு வழி ஏதாவது இருந்தால் அதையும் சொல்.

பூங்காவனம்


சிங்கப்பூர்
9 ஜூலை 1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே எழுதுகிறேன். ஜூன் இரண்டாம் தேதிக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழித்துவிட்டாயா என்று பதிலில் எழுது.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

இருக்கும். எந்த மனுஷியின் பாலிலும் இருக்கும். ஆளுக்கு ஆள் ஒரு படி கூடலாம், குறையலாம். தமிழச்சி, சீனச்சி, செட்டிப் பெண் என்று காகிதம் பிரித்துப் பார்ப்பதில்லை. வேறு வழி இல்லை. அந்தச் சர்க்கரையைச் செய்து டின்னில் போட இன்னும் யாருக்கும் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயம். பாலில் உள்ள சாதாரணச் சர்க்கரை குழந்தைக்குச் செரிக்கிறது, உடம்பில் சேருகிறது. அந்தப் படிக்கட்டுச் சர்க்கரை குழந்தைக்குச் செரிப்பதே இல்லை என்கிறார் புரொபசர். செரிக்காததை எதற்குச் சுரக்க வேண்டும்? குழந்தையின் குடலில் ஒரு வகை நல்ல கிருமி குடியிருக்கிறது. அதற்குத்தான் அந்தச் சாப்பாடு. அது நன்றாகச் சாப்பிட்டுக் குடித்தனம் நடத்தினால் வயிற்றுப்போக்குக் கிருமிக்கு அங்கே இடம் கிடைக்காது. இது இன்னும் முழுக்க நிரூபணமாகவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதற்குப் பிறகு நிரூபணத்துக்குக் காத்திருக்க நமக்கு நேரமில்லை.

ஆகவே பாக்கியம் உன் மகளை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போவதில்லை. மகளின் வயிற்றில் குடியிருப்பவர்களுக்குச் சமைத்துப் போடப் போகிறாள். கொஞ்சம் மகளுக்கும் போகும். அதைப் பெரிதுபடுத்தாதே. இன்னும் சில மாதத்தில் சோறு தின்ன ஆரம்பிப்பாள். அதைப் பிசைந்து ஊட்டுவது யார்? காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடுவது யார்? ஸ்கூலில் என்னைப் போல அடிவாங்கி வந்தால் வாத்தியாரோடு சண்டைக்குப் போவது யார்? நீ யார் என்று என்னிடம் கேட்கிறாய். எனக்காக நீ சண்டைக்குப் போனபோது உனக்குப் பதினாலு வயசு. அப்போது யாரிடமும் கேட்கவில்லை.

அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

இதைப் படித்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கம்போங் செட்டிக்கு நட. நாளைக்கு என்று வைக்காதே.

உன் தம்பி,
கருணாகரன்


காஜா பெராங்
11 ஆகஸ்ட் 1957

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நீ நலமாய் இருக்க வேண்டும். நாங்கள் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். பாக்கியம் வாசலில் உட்கார்ந்து சங்கரனுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "லாமா துங்கு" என்றாள். எவ்வளவு நாள் காத்திருக்கிறது என்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மல்லிகா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். குடிக்கிற சத்தம் கேட்டது. நான் அவள் வீட்டு சாமி மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பாக்கியம் தலையைத் தடவி, "அனாக் சூசு சாயா" என்றாள். என் பால் பிள்ளை என்று. நான் பயந்த அதே வார்த்தை. அந்த நேரம் பார்த்து மல்லிகா கழுத்தைத் திருப்பித் திருப்பி அறையெல்லாம் பார்த்தாள். என் முகம் கண்ணில் பட்டதும் கையை ஆட்டினாள். பாக்கியம் சிரித்துவிட்டாள். "மாக் டியா, லூ லா" என்றாள். அதோட அம்மா நீதான் என்று. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னைக் கக்காக் என்கிறாள், அக்கா என்று. சங்கரனுக்கும் மல்லிகாவுக்கும் பிற்காலத்தில் கல்யாணம் பண்ணக்கூடாதாம், அண்ணன் தங்கச்சி ஆகிவிட்டார்களாம். பல் முளைக்காத பிள்ளைகளுக்கு அதற்குள் கல்யாணப் பேச்சு.

இரண்டாவது வாரத்திலேயே வயிறு கட்டுப்பட்டது. மிஸி தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, தராசைத் தட்டி மறுபடியும் வைத்தாள். கன்னம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பாக்கியத்துக்கு மலாயில் படித்துச் சொன்னேன். ஆட்டுக்குப் பிறந்த பிள்ளையா என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது மல்லிகா அழுதால் "கம்பிங், கம்பிங்" என்று ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிடுகிறாள்.

தேவதாஸிடம் குப்பி கொடுத்திருக்கிறேன். பாக்கியம் கொடுத்தது. மோந்து பார்த்துக்கொள்.

அக்கா,
பூங்காவனம்


சிங்கப்பூர்
21 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். எல்லாருக்கும் என் அன்பைச் சொல், பாக்கியத்துக்கும்.

படிக்கட்டு இருக்கிறது. இதுவரை நான் ஏற்றின காகிதங்களிலேயே இதுதான் தெளிவு. புரொபசர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே நின்றார். யானைப் பாலும் கிடைத்துவிட்டது. பாகன் சொன்னபடி பேசித்தான் பார்த்தேன், அது ஒரு வாளியை உதைத்துத் தள்ளியது. இரண்டாவது வாளியில் ஒரு கை அளவு மிஞ்சியது. ஆச்சரியம் என்னவென்றால் அதிலும் படிக்கட்டு. மாட்டைவிட யானை நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. உன் ஊர்ப் பெயரைப் பற்றி இனி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஒரு சின்னச் சிக்கல். ஒவ்வொரு குப்பியிலும் தாயின் பெயரும் குழந்தையின் பெயரும் ஒட்ட வேண்டும். இந்தக் குப்பியில் என்ன எழுதுவது? நீ சொல்கிறபடி எழுதுகிறேன். நான் யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மெர்டேக்காவுக்கு லீவு கிடைத்துவிட்டது. முப்பதாம் தேதி வருகிறேன். இந்தத் தடவை வராதே என்று எழுதினாலும் வருவேன். ரயில் செகாமட் வழியாகத்தான். அப்பாவும் கிளம்பத் தயாராக நிற்கிறார். கூட்டிவருவதா, ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்துவதா? உடனே எழுது.

தம்பி


காஜா பெராங்
25 ஆகஸ்ட் 1957

அன்புத் தம்பிக்கு,

நலம். வழியில் கண்ட இடத்தில் சாப்பிடாமல் வா. ஜாலான் பெண்டஹாராவில் கடைக்குக் கடை தோரணம் கட்டிவிட்டார்கள். நடக்க இடமில்லை. மல்லிகா கொடியைப் பார்த்தால் கையை நீட்டுகிறாள்.

குப்பியைப் பற்றிக் கேட்டாய். உன் அத்தானும் நானும் பேசினோம். பாக்கியத்தையும் கேட்டேன். "துலிஸ் லா, டுவா-டுவா" என்றாள். எழுதேன், இரண்டையும்தான் என்று. அதனால் பால் பாக்கியத்தினுடையது என்று எழுது. சங்கரனின் அம்மா. அதற்குக் கீழே, குடித்த பிள்ளை மல்லிகா என்று எழுது. மல்லிகாவின் அம்மா பூங்காவனம். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்கு, பேரை விடாதே.

அப்பாவைக் கூட்டி வா. இத்துடன் ஒரு போட்டோ இருக்கிறது. இதில் முகம் நன்றாக விழுந்திருக்கிறது, கண்ணும் மூக்கும் எல்லாம். செகாமட் ஸ்டேஷனில் அப்பா ரயில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கையில் கொடு. முன்னாலேயே கொடுக்காதே, பின்னாலும் வைக்காதே. எதுவும் நீட்டிப் பேசாதே. உனக்குத்தான் நீட்ட வராதே. "இதுதான் அக்கா மகள்" என்று மட்டும் சொல்.

பார்த்துவிட்டு அந்த மூக்கைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு வா. என்ன சொன்னாலும் சரி, இரண்டு பேருக்கும் உலை வைத்திருப்பேன்.

உன் அக்கா,
மல்லிகாவின் அம்மா